உப்பளத்தில் வாசித்த ஓட்டைச் சிம்பல்கள்: ஜில்ஜியன் எல்80 செட், எட்டு மாதத்துக்குப் பிறகு

டிரம் செட்டில் குச்சியால் அடிக்கிற உலோகத் தட்டுகள்தான் சிம்பல்கள். ஜில்ஜியன் கம்பெனியின் எல்80 சிம்பல்களை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காலால் திறந்து மூடும் 13 அங்குல ஹை-ஹாட் ஒரு ஜோடி, ஓங்கி அடிக்கும் 14 அங்குல கிராஷ், ஓங்கி அடிக்கவும் தொடர்ந்து தாளம் பிடிக்கவும் (அதுதான் ரைடு) உதவும் 18 அங்குல கிராஷ்-ரைடு எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற செட் அது. தட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருப்பார்கள். சாதாரண சிம்பலைவிட 80 சதவீதம் வரை சத்தம் குறையும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு.

இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அபார்ட்மெண்ட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்வதற்காக வாங்குகிறார்கள். நான் வாங்கியது ஒரு பாட்டு வீடியோவுக்காக. அந்தப் படப்பிடிப்பின் முதல் நாளில் நடந்ததைச் சொன்னால்தான் ஏன் வாங்கினேன் என்பது புரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கேமரா முன்னால் உட்காரப் போகிற டிரம்மர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு ஒரு நாள் வீணாகாமல் இருக்கும்.

என் அப்பா மெல்லிசைக் குழுவில் தும்பாவும் டிரிபிளும் வாசித்தவர். எண்பதுகளில் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு அவர்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். பாட்டை முன்னாடியே பதிவு செய்துவிட்டு, படம் எடுக்கும்போது அதை ஓடவிட்டு, எல்லோரும் வாசிப்பது போலச் செய்ய வேண்டும். “சத்தம் வரக் கூடாது, சும்மா கை வைங்க போதும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே கையை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது. அப்பா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். “அது என் கை இல்லடா” என்று அன்றைக்கு ராத்திரி சொன்னார். எனக்கு அப்போது ஏழு வயது.

இன்று எனக்கு 45. கொளத்தூரில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், வார இறுதிகளில் எங்கள் நான்கு பேர் பேண்டில் வாசிக்கிறேன். முதல் முறையாக எங்கள் பாட்டுக்கு வீடியோ எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: நான் நிஜமாக அடிப்பேன். இயக்குநர் தம்பி உடனே ஒப்புக்கொண்டார். அதற்கு என்னென்ன வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இடம் மரக்காணம் உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், சாலையின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்தது போலப் பாத்திகள், நடுநடுவே வெள்ளை அம்பாரங்கள். மார்ச் மாதம், உப்பு வாரும் காலம். விடியற்காலை வெளிச்சம் வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். என்னுடைய செட்டை உப்புக் காற்றில் வைக்க மனம் வரவில்லை. டிரம்ஸை வாடகைக்கு எடுத்துக் குட்டி யானையில் ஏற்றிவிட்டு, சிம்பல்களை மட்டும் என்னுடையதையே கொண்டுபோனேன். அதுதான் தப்பாகப் போனது.

வாடகை செட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பையைத் திறந்தால் இரண்டு விங் நட் இல்லை, பேஸ் டிரம் கால்களின் ரப்பர் முனை இல்லை. எடுக்கும்போதே கடையில் நின்று ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறேன், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இரண்டு பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பின் மேல் செட்டைப் போடச் சொன்னார்கள். கேமராவில் பார்த்தால் தண்ணீருக்கு மேலேயே டிரம்ஸ் மிதப்பது போல இருக்கும். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்கா வாருபலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து பார்த்தார். “தம்பி, இந்த வரப்பு பாரம் தாங்காது. ஆள் நடக்கத்தான் போட்டது. அந்தப் பக்கம் பெரிய கரை இருக்கு, அங்க வைங்க” என்றார். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார். பாட்டு தொடங்கி எட்டாவது பாரில் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று), நான் பேஸ் டிரம்மை அழுத்தி மிதித்த வேகத்தில், ஸ்டூலின் ஒரு கால் வரப்புக்குள் இறங்கியது. தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமோடு சேர்ந்து நான் சாய்ந்தேன். முழங்கால் வரை பாத்தித் தண்ணீர். அந்த அக்காதான் முதலில் ஓடிவந்து கை கொடுத்தார். அப்புறம் அவர்களே இரண்டு கனமான பலகைகளைக் கொண்டுவந்து பெரிய கரையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் சொன்னதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த மண்ணைத் தினமும் காலால் மிதிப்பவர்கள் அவர்கள்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத சிக்கல் சத்தத்தில் இருந்தது.

பாட்டை ஓடவிடும் ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது. படப்பிடிப்பில் இப்படிப் பாட்டு போடுவதைப் பழைய சினிமாக்காரர்கள் இன்னும் நாக்ரா என்றே சொல்வார்கள். அந்தக் காலத்தில் அதற்குப் பயன்பட்ட ஸ்விட்சர்லாந்து டேப் ரெக்கார்டரின் பெயர் அது. டேப் போய் லேப்டாப் வந்தும் பெயர் போகவில்லை. கேமரா தூரத்து ஷாட்டுக்காகப் பின்னால் போனபோது ஸ்பீக்கரும் கூடவே போனது. எனக்கும் அதற்கும் சுமார் 40 மீட்டர். காற்றில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். அப்படியானால் 40 மீட்டர் தாண்டி என் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.12 விநாடி. எங்கள் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி. ஒரு அடிக்கு அரை விநாடி, அதை நான்காகப் பிரித்தால் ஒரு கால் அடிக்கு 0.125 விநாடி. அதாவது நான் ஏறத்தாழ ஒரு முழுக் கால் அடி பிந்தி வாசித்துக்கொண்டிருந்தேன், என் காதுக்குச் சரியாக, கேமராவின் கண்ணுக்குத் தவறாக. விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் மூன்று ஃபிரேம்.

மூன்று ஃபிரேம்தானே, எடிட்டிங்கில் இழுத்துவிடலாம் என்று தோன்றும். நான் மட்டும் தனியாக இருக்கும் ஷாட்டில் இழுக்கலாம். ஆனால் எங்கள் பாடகி ஸ்பீக்கரிலிருந்து பத்து மீட்டரில் நின்றார், பேஸ் கிட்டார் தம்பி இருபது மீட்டரில். ஒரே சட்டகத்துக்குள் மூன்று பேர் மூன்று நேரத்தில் இருந்தோம். டிரம்மை நேராக்கினால் பாடகியின் உதடு விலகும்.

அதற்கு மேல் என் சிம்பல்கள். டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். முதல் கிராஷ் அடித்ததுமே ஸ்பீக்கரில் வந்த பாட்டு எனக்குக் காணாமல் போனது. பாடகி இரண்டு முறை நடுவிலேயே நிறுத்திவிட்டார். “அண்ணா, என் வரி எங்க வருதுன்னே கேக்கல” என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில். இயக்குநர் ஓடிவந்து கெஞ்சினார், “மாஸ்டர், கொஞ்சம் மெதுவா அடிங்க, இந்த ஒரு டேக் மட்டும்.”

அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை போலவே கேட்டது. வேறு வழி இல்லை, மெதுவாக அடித்தேன்.

மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறியது. வெயிலை மட்டுப்படுத்தத் தலைக்கு மேல் கட்டிப் பிடித்திருந்த ஸ்கிம்மர் துணி பாய்மரம் மாதிரி உப்பி, சட்டத்தோடு சாய்ந்தது. இரண்டு பையன்கள் பிடித்துக்கொண்டிருந்தும் நிற்கவில்லை. நல்ல வேளை, யார் மேலும் விழவில்லை. என் ரைடு ஸ்டாண்டின் மேல் விழுந்தது. பதினாறு வருடமாக என்னோடு இருக்கும் 20 அங்குல ரைடு அப்படியே உருண்டு பாத்திக்குள் போனது. நான் குதித்து எடுத்தேன். அந்த அக்கா, “அது சாதாரணத் தண்ணி இல்ல தம்பி, இருபத்தஞ்சு டிகிரி ஏறின தண்ணி. உடனே நல்ல தண்ணில கழுவுங்க” என்று கத்தினார். உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரியில் அளப்பார்கள். கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். வெயிலில் காய்ந்து காய்ந்து 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். என் ரைடு விழுந்தது உப்பு படிந்துகொண்டிருந்த பாத்தி. எங்களிடம் இருந்த நல்ல தண்ணீர், குடிக்க வைத்திருந்த இரண்டு கேன். ஒன்றை அதற்குச் செலவழித்தோம்.

அப்புறம் ஸ்லோ மோஷன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாட்டின் நடுவே நான்கு பார் மட்டும் பாதி வேகத்தில் ஓட வேண்டும், ஆனால் அடிகள் பாட்டோடு ஒட்ட வேண்டும். அதற்கு விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுவார்கள். திரையில் கை பாதி வேகத்தில் அசையும்போது பாட்டோடு பொருந்த வேண்டுமென்றால், எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு நாமும் அந்த வேகத்தில் வாசிக்க வேண்டும். 120 என்பது 240 ஆனது. ஹை-ஹாட்டில் அரை அடிக்கு ஒன்று வைத்து வாசிக்கும் சாதாரண தாளம்தான். அந்த வேகத்தில் அது விநாடிக்கு எட்டு அடி. அதையும் ஒற்றைக் கையால், தோளைத் தூக்கி, அழகாகச் செய்ய வேண்டும். ஏழு டேக். வலது கை ஆள்காட்டி விரலில் கொப்புளம் வந்து உடைந்தது, அதில் உப்புத் தண்ணீர் பட்டது. வலியைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் பயிற்சி செய்து வந்திருப்பேனே. டிரம்மர்களே, வீடியோ என்றால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எந்தப் பகுதி ஸ்லோ மோஷன், எத்தனை மடங்கு?

சாயங்காலம், பேஸ் டிரம்முக்குள் கலர் புகைக் குப்பி ஒன்றைப் பற்றவைத்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். 1967-இல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்றில் தி ஹூ குழுவின் கீத் மூன் தன் பேஸ் டிரம்முக்குள் வெடிமருந்து வைத்து வெடித்தபோது, பக்கத்தில் நின்ற கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டின் தலைமுடியே கருகியது. டிரம்மர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. என் பக்கத்தில் நின்றது இருபத்துநான்கு வயதுப் பிள்ளை.

ஒரு வாரம் கழித்து ஓட்டிப் பார்த்தோம். இடம் அற்புதமாக இருந்தது. பாடகி நன்றாகச் செய்திருந்தார். நான் வருகிற இடமெல்லாம் எனக்கு அப்பாவின் அந்த டிவி நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நிஜமாக அடித்தால் குச்சி தானாகத் திரும்பி எழும், சிம்பல் சாய்ந்து ஆடும், அந்த ஆட்டத்தில் வெளிச்சம் ஓடும். அடியைப் பிடித்துப் பிடித்து வைத்தால் குச்சி பாதியில் நிற்கும், சிம்பல் அசையாது, தோள் மட்டும் வீணாக ஏறி இறங்கும். டிரம்ஸ் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்று உணர்வார். நான் இயக்குநரிடம் வெளிப்படையாகச் சொன்னேன்: என் பகுதியை மறுபடி எடுக்க வேண்டும், செலவில் பாதி என்னுடையது.

மறுபடி எடுப்பதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில்தான் எல்80 வாங்கினேன். என் ஒரு மாத வகுப்பு வருமானத்தில் பாதிக்கு மேல் போனது.

அதற்கு முன் மலிவான வழிகளையும் செய்து பார்த்தேன், அதையும் சொல்கிறேன். பழைய வேட்டியைக் கிழித்துச் சிம்பலின் அடியில் துணிப்பட்டை ஒட்டினால் சத்தம் குறையும். ஆனால் தட்டு கனத்துப்போய் ஆட்டம் செத்துவிடும். குச்சி முனையில் துணி சுற்றினால் குச்சி திரும்பி எழுவதே இல்லை. ரப்பர் மூடிகள் கேமராவில் கறுப்பாகத் தெரியும். எலக்ட்ரானிக் செட் சத்தமே போடாது, ஆனால் உப்பளத்துக்கு நடுவே ரப்பர் தட்டுகளை வைத்து அடிப்பதை எனக்கே பார்க்கப் பிடிக்காது.

எல்80-ஐ ஸ்டாண்டில் மாட்டி முதல் அடி அடித்ததும் நான் கவனித்தது, அது உலோகம் என்பதைத்தான். ரப்பரின் மந்தம் இல்லை. குச்சி எழுகிறது. ரைடில் குச்சி நுனியின் ‘டிங்’ தனித்தனியாகக் கேட்கிறது. கிராஷ் ‘ஷ்ஷ்’ என்று விரிந்து சீக்கிரம் அடங்கிவிடுகிறது. தூரத்தில் யாரோ நல்ல சிம்பல் ஒன்றை வாசிப்பது போன்ற ஒலி. ஹை-ஹாட்டைக் காலால் மூடும் ‘சிக்’ மட்டும் மெலிந்து ஒலிக்கிறது. இடது காலை நம்பித் தாளம் பிடிப்பவர்களுக்கு அது முதலில் குறையாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

எடை குறைவு. அதனால் வழக்கமான வேகத்தில் கிராஷ் அடித்தால் தேவைக்கு மேல் ஆடுகிறது. சிம்பலின் மேலே வைக்கும் மெத்தென்ற ஃபெல்ட் வளையத்தைக் கூட ஒன்று போட்டு நட்டைச் சற்று இறுக்கினேன், ஆட்டம் என் பழைய கிராஷின் அளவுக்கு வந்தது. கேமராவுக்கு இது முக்கியம். கண்ணாடி முன் உட்கார்ந்து, போனில் எடுத்துப் பார்த்துச் சரிசெய்தேன்.

டிரம்களுக்கு, சத்தம் குறைவாக வரும் வலைத் துணியான மெஷ் தோல் மாட்டினேன். டாம்களுக்கு நன்றாகவே இருந்தது. முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் குச்சி இழுத்துக் கட்டிய வலையில் எறிந்தது போலத் துள்ளுகிறது, கை அசைவே மாறிவிடுகிறது. அதனால் ஸ்னேருக்கு மட்டும் பழைய தோலை மீண்டும் மாட்டி, உள்ளே மடித்த துண்டைத் தோலைத் தொடுமாறு வைத்தேன். பேஸ் டிரம்முக்குள் ஒரு தலையணை. சிம்பலுக்குத்தான் வீட்டுப் பொருளில் மாற்று இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். காதை அடைக்கும் இயர்போனில் பாட்டைக் கேட்டுக்கொண்டு சாதாரண சிம்பலையே அடிக்கலாமே? எனக்குக் கேட்கும், சரி. பாடகிக்கு? பேஸ் வாசிப்பவருக்கு? “கட்” என்று இயக்குநர் கத்துவது? அத்தோடு, சிம்பல் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் இயர்போன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். முப்பது டேக் அப்படிச் செய்தால் காது என்ன ஆகும்? எனக்கு ஏற்கெனவே இடது காதில் ராத்திரி நேரங்களில் மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. என் மாணவர்களுக்குக் காதடைப்பான் இல்லாமல் நான் வகுப்பே எடுப்பதில்லை.

ஆனால் இயர்போனும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ப்ளூடூத் இயர்போன் வேண்டாம். அதில் சத்தம் காதுக்கு வருவதற்குள் 0.1 விநாடிக்கு மேல்கூட ஆகும், ஸ்பீக்கரைத் தள்ளி வைத்த அதே கதை. நாங்கள் லேப்டாப்பிலிருந்து ஒரு லைனை ஸ்பீக்கருக்கும் இன்னொரு லைனைப் பாடகர்கள் மேடையில் கட்டிக்கொள்ளும் ரேடியோ பெட்டிக்கும் கொடுத்தோம். பெட்டி என் இடுப்பில், வயர் சட்டைக்குள். எனக்கு மட்டும் தாளத்தை எண்ணிக் காட்டும் ‘கிளிக்’ சத்தமும் சேர்ந்து வந்தது. சிம்பல் சத்தம் குறைந்ததால் ஸ்பீக்கரைச் சின்னதாக எடுத்து, பேஸ் டிரம்முக்குப் பின்னாலேயே மறைத்து வைக்க முடிந்தது. பாடகிக்கும் மற்றவர்களுக்கும் அது மூன்று நான்கு மீட்டரில். கேமரா எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை.

ஏப்ரலில் மறுபடி மரக்காணம். இந்த முறை எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் இரண்டு கொண்டுபோனோம், பெரிய கரையில் விரித்து அதன் மேல் பாய் போட்டேன். அதே அக்கா அங்கே இருந்தார். தட்டுகளைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இந்தத் தடவ சல்லடை கொண்டாந்திருக்கீங்க?” என்றார். அடித்துக் காட்டினேன். ரசித்துக் கேட்டார். அவர் மகன் திருவிழாக்களில் பறை அடிப்பவராம். “அவன் அடிச்சா இங்க வரைக்கும் கேக்கும்” என்று கையை வீசி அடுத்த ஊர்ப் பக்கம் காட்டினார், அவ்வளவு பெருமையாக.

அன்றைக்கு நான் கையை ஒருமுறைகூடப் பிடித்து வைக்கவில்லை. முழு வீச்சில் அடித்தேன். பாடகி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார், அந்தச் சிரிப்பு வீடியோவில் அப்படியே இருக்கிறது. அவருக்குத் தன் வரி கேட்டது. முன்பு ஏழு டேக் எடுத்த ஸ்லோ மோஷன் பகுதி இரண்டே டேக்கில் முடிந்தது. அதற்கு மூன்று வாரம் தினமும் 240-இல் பயிற்சி செய்ததும் காரணம், எல்லாப் புகழையும் சிம்பலுக்குக் கொடுக்க முடியாது.

எதிர்பாராமல் ஒன்று கிடைத்தது. காலை வெயில் எனக்குப் பின்னாலிருந்து வந்தபோது, ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக டாம்களின் தோலில் விழுந்தது. சிம்பல் ஆட ஆட அந்தப் புள்ளிகளும் ஆடின. கேமராமேன் லென்ஸ் மாற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

ஆனால் எல்லா ஷாட்டுக்கும் இது உதவாது. பத்தடிக்கு அப்பால் சிம்பல் சிம்பலாகவே தெரிகிறது, மங்கலான பொன்னிறத்தில். கிட்டப் போனால் ஓட்டைகள் தெரியும், மறைக்க முடியாது. சத்தம் குறைவதே அந்த ஓட்டைகளால்தான் என்கிறபோது அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். க்ளோஸ்-அப்புகளுக்கு நாங்கள் என் பழைய சிம்பல்களையே மாட்டினோம். அந்த ஷாட்களில் நான் மட்டும்தான் இருக்கிறேன், மொத்தமே நான்கு, மற்றவர்கள் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

பாட்டு வீடியோ தினமும் எடுக்கப் போவதில்லை. அதனால் மற்ற நாட்களில் இதற்கு என்ன வேலை என்றும் சொல்ல வேண்டும். எனக்கு வகுப்புகள் மாலை ஆறு முதல் ஒன்பது வரை. மேல் மாடியில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார், எட்டு மணிக்கே படுத்துவிடுவார். முன்பெல்லாம் எட்டு மணிக்கு மேல் பிள்ளைகளை ரப்பர் பேடில்தான் வாசிக்கவிடுவேன். இப்போது முழு செட்டில் வாசிக்கிறார்கள். நான் சொல்வதும் அவர்களுக்குக் கேட்கிறது, குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஆனால் டிரம்ஸ் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளை வாரம் ஒருமுறையாவது சாதாரண சிம்பலில் உட்கார வைக்கிறேன். எல்80-இலேயே பழகியவர்களுக்குக் கை கனத்துவிடுகிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இது மன்னித்துவிடும், நிஜ சிம்பல் மன்னிக்காது. மேடைக்கு இவை வேண்டாம். மைக் வைத்தாலும் சாதாரண சிம்பலின் ஒலி இதில் வராது.

கடற்கரையிலோ உப்பளத்திலோ வாசிக்கிறவர்கள் திரும்பிய அன்றே எல்லாச் சிம்பலையும் நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய சோப்புப் போட்டு, துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். ஓட்டைச் சிம்பலில் இதற்கு நேரம் அதிகம் ஆகும், ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் உப்பு தங்கும். பழைய டூத் பிரஷ் உதவும். விங் நட், ஸ்டாண்ட் திருகுகளையும் மறக்க வேண்டாம், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

முதல் நாள் பாத்தியில் விழுந்த என் ரைடை அன்றிரவு வீட்டில் மறுபடி கழுவினேன், ஆனாலும் போதவில்லை. சிம்பல் செய்யும் வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. பத்தாம் நாள் விளிம்பில் கட்டை விரல் அகலத்துக்குப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அம்மா புளியை ஊறவைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், குத்துவிளக்குத் தேய்ப்பது போலத் தேய்த்துத் தருகிறேன் என்று. புளியின் அமிலம் சிம்பலின் மேற்பூச்சையும் எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும் என்று சொல்லி வாங்கி வைத்தேன். அம்மாவுக்கு இன்னும் மனசில்லை. அந்த ரைடைத்தான் கடைசி க்ளோஸ்-அப்பில் மாட்டினேன். வீடியோவில் இரண்டாவது நிமிடம் தாண்டியதும் கிராஷிலிருந்து கை ரைடுக்கு வரும், சிம்பல் சாய்ந்து எழும்போது வலது விளிம்பில் அந்தப் பச்சைப் புள்ளி ஒரு கணம் மின்னும். அப்பா அந்த இடத்தில் போனை நிறுத்தச் சொல்லி, பின்னால் தள்ளச் சொல்லி, மூன்று முறை பார்த்தார்.